நிலவைச் சுற்றும் நிலையம்: ஆள் இல்லாத மாதங்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலவைச் சுற்றிவரத் திட்டமிடப்பட்ட விண்வெளி நிலையம் பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் கட்டுரை முழுக்க வீரர்கள் எங்கே தூங்குவார்கள், எங்கே சாப்பிடுவார்கள், ஜன்னல் வழியாகப் பூமி எப்படித் தெரியும் என்றே போகிறது. நிலையத்தைப் பற்றிச் சொல்லும்போது, இப்போது பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தைச் சின்னதாக்கி நிலவுப் பக்கம் கொண்டுபோய் வைப்பது மாதிரி ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அதை ஏற்க முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தூரமோ அளவோ இல்லை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட ஆள் இல்லாமல் இருந்ததில்லை. நாசா, ஐரோப்பா, ஜப்பான், கனடா, ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் சேர்ந்து வடிவமைத்த ‘கேட்வே’ என்ற நிலவு நிலையமோ, வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் காலியாகவே கிடக்க வேண்டியது. நான்கு பேர் வருவார்கள், ஒரு மாதமோ கொஞ்சம் கூடவோ இருப்பார்கள், நிலவில் இறங்கி ஏறுவார்கள், கிளம்பிவிடுவார்கள். மீதி நாளெல்லாம் யாருமில்லாத வீடு. வடிவமைப்பை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஆள் இருக்கும் நாட்களுக்காகக் கட்டி, ஆள் இல்லாத நாட்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த நிலையம் நீடிக்காது.

இதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது. சோவியத் யூனியனின் சல்யூட் 7 நிலையத்தை 1984 அக்டோபரில் வீரர்கள் காலி செய்துவிட்டு வந்தார்கள். 1985 பிப்ரவரியில் அதனுடன் தொடர்பு அறுந்தது. மின்சாரம் முழுக்கப் போய், நிலையம் உறைந்துபோய், தன்பாட்டில் மிதந்துகொண்டிருந்தது. ஜூன் மாதம் விளாதிமிர் ஜானிபெக்கோவும் விக்டர் சவினிக்கும் சோயுஸ் டி-13 விண்கலத்தில் போய், எந்த சமிக்ஞையும் தராத அந்த நிலையத்தைக் கண்ணால் பார்த்துக் கைமுறையாகவே கலத்தை இணைத்தார்கள். உள்ளே தண்ணீர் எல்லாம் பனிக்கட்டி. கம்பளித் தொப்பியும் கனமான உடையும் போட்டுக்கொண்டு, சோலார் பேனல்களிலிருந்து வரும் கம்பிகளை நேரடியாக பேட்டரிகளோடு கைகளால் முறுக்கி இணைத்து, சோயுஸின் என்ஜினைக் கொண்டே நிலையத்தைச் சூரியனை நோக்கித் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாக உயிர் கொடுத்தார்கள். விண்வெளி வரலாற்றில் இதற்கு இணையான பழுதுபார்ப்பு வேலை அதிகம் இல்லை.

காரணம் என்ன தெரியுமா? பேட்டரி நிரம்பிவிட்டது என்று தப்பாகச் சொன்ன ஒரே ஒரு சென்சார். அது அப்படிச் சொன்னதால் சார்ஜ் ஏறுவது நின்றது, பேட்டரிகள் வற்றின, பேட்டரி வற்றியதும் சூரியனைத் தேடித் திரும்பும் வசதியும் போனது, அத்தோடு எல்லாம் போனது. உள்ளே ஒருவர் இருந்திருந்தால் சீக்கிரமே கவனித்திருப்பார், ஒரு ஸ்விட்சைத் தட்டிச் சரிசெய்திருப்பார். அதுவும் சல்யூட் 7 இருந்தது சில நூறு கிலோமீட்டர் உயரத்தில். நிலவைச் சுற்றும் நிலையம் இருக்கப்போவது ஏறக்குறைய 4 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே இதேபோல் ஒன்று நடந்தால் போய்ப் பார்க்க ஒரு கலமும் ராக்கெட்டும் தயாராக நிற்காது. தயார்செய்து அனுப்பவே பல மாதங்கள் ஆகும்.

ஆகவே மின்சாரம், வெப்பம், திசை, தொடர்பு இந்த நான்கும் ஒன்றையொன்று நம்பி நிற்காதபடி பிரித்து வைப்பதுதான் முதல் வேலை. ஒரு சென்சார் சொல்வதை இன்னொன்று சரிபார்க்க வேண்டும். எல்லாம் கெட்டுப்போனாலும் நிலையம் தானாகவே சூரியன் பக்கம் திரும்பி நின்று பூமியின் குரலுக்குக் காத்திருக்கும்படி ஒரு கடைசி நிலை இருக்க வேண்டும். கேள்விக்குப் பதில் வர இரண்டரை நொடிக்கு மேல் ஆகும், அது பெரிய தாமதம் இல்லைதான். ஆனால் ஆன்டெனா வேறு திசையில் இருந்தால் பதிலே வராது. அந்தச் சமயத்தில் முடிவெடுக்க வேண்டியது நிலையத்தின் கணினிதான். இந்தக் கணினி பூமியின் காந்தப்புலத்துக்கு வெளியே, துகள் கதிர்வீச்சு நினைவகத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கும் இடத்தில், மறுபடி ஆன் செய்ய யாரும் இல்லாமல் ஓட வேண்டும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

சுற்றுப்பாதை விஷயத்துக்கு வருகிறேன். நிலவுக்குப் பக்கத்திலேயே, 100 கிலோமீட்டர் உயரத்தில் நிலையத்தை வைத்தால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். அப்போலோ கலங்கள் அங்கேதானே சுற்றின என்று. நிலவின் உள்ளே அடர்த்தி ஒரே சீராக இல்லை. பெரிய பள்ளங்களுக்கு அடியில் அதிகப் பொருள் குவிந்து கிடக்கிறது, அந்த இடங்களைக் கடக்கும்போதெல்லாம் ஈர்ப்பு சற்றே கூடி கலத்தை இழுக்கிறது. 1968-இல், நிலவைச் சுற்றிப் படமெடுத்த லூனார் ஆர்பிட்டர் கலங்களின் தரவுகளை வைத்து பால் முல்லரும் வில்லியம் ஸ்யோகிரனும் இதைக் கண்டுபிடித்தார்கள். அப்போலோ 16 வீரர்கள் 1972 ஏப்ரலில் விட்டுவந்த சிறு துணைக்கோள் 35 நாட்களிலேயே நிலவில் மோதி விழுந்தது. சில குறிப்பிட்ட சாய்வுகளில் (நிலவின் நடுக்கோட்டோடு பாதை போடும் கோணங்களில்) மட்டும் பாதை கலையாமல் இருக்கும், ஆனால் நிலையத்துக்கு வேண்டிய மற்ற எல்லாம் அந்தச் சாய்வுகளில் கிடைக்காது. போதாக்குறைக்கு தாழ்வான பாதையில் 2 மணி நேரத்துக்கு ஒரு சுற்று, அதில் கிட்டத்தட்ட பாதி நேரம் நிழல் என்றால் பேட்டரிகளும் குளிரூட்டும் குழாய்களும் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை சூடாகிக் குளிர வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நிலையத்துக்கு இது நல்ல இடமே இல்லை.

அதனால்தான் கேட்வேக்கு நீண்டு ஒடுங்கிய வேறொரு பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஆறரை நாள். நிலவின் மையத்திலிருந்து அளந்தால் வட துருவத்துக்கு மேலே 3,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் விருட்டென்று கடந்துபோய், தென் துருவத்துக்குக் கீழே ஏறக்குறைய 70,000 கிலோமீட்டர் தூரம் போய் மெதுவாகத் திரும்பும். பூமியின் ஈர்ப்பும் நிலவின் ஈர்ப்பும் சேர்ந்து தாங்குவதால் பாதையைத் திருத்திக்கொள்ள மிகக் குறைவான எரிபொருளே போதும். நிலவு இரண்டு முறை பௌர்ணமிக்கு வருவதற்குள் நிலையம் ஒன்பது சுற்று முடிக்கும்படி கணக்குப் போட்டிருக்கிறார்கள், அதனால் பூமியின் நிழலில் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கலாம். ஏறக்குறைய எப்போதும் வெயில், பூமியோடு எப்போதும் நேர்ப்பார்வை. இந்தக் கணக்கு காகிதத்தில் மட்டும் இல்லை, 25 கிலோ எடையுள்ள கேப்ஸ்டோன் என்ற சிறு கலம் 2022 நவம்பரில் இந்தப் பாதைக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரு வால்வு சரியாக மூடாமல் தன்னைத்தானே சுற்றத் தொடங்கி, பூமியிலிருந்தே பொறியாளர்கள் அதை நிதானத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் சொல்லவரும் விஷயத்துக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

இந்தப் பாதைக்குக் கடுமையான விமர்சனமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வீரர்களைச் சுமந்துபோகும் ஓரியன் கலத்தில் தாழ்வான நிலவுப் பாதைக்குப் போய்த் திரும்பும் அளவுக்கு எரிபொருள் இல்லை. அதன் பலவீனத்துக்கு ஏற்பத்தான் பாதையைத் தேர்ந்தார்கள் என்கிறார்கள். உண்மைதான். நிலவில் இறங்கியவர்களுக்கு அவசரம் என்றால் நிலையம் அருகில் வரும்வரை பல நாள் காத்திருக்க வேண்டி வரலாம் என்கிறார்கள், அதுவும் உண்மை. இறங்குவது மட்டுமே நோக்கம் என்றால் வழியில் ஒரு நிலையம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பல ஆண்டுகள் அங்கே ஒன்று நிலைத்து நிற்க வேண்டும், பெரும்பாலும் தனியாகவே நிற்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், இதைவிடப் பொருத்தமான பாதை எனக்குத் தெரியவில்லை.

இப்போது வாசல்கள். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எனக்கு மிகப் பெரிய குறையாகப்பட்டது இதுதான். மாட்யூல் மாட்யூலாக, அதாவது தனித்தனியாகச் செய்த பகுதிகளை விண்வெளியில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டும் நிலையத்தில் அறைகளைப் பின்னால் மாற்றலாம், கூட்டலாம், கழற்றிக்கூட எறியலாம். ஒரு மாட்யூல் இன்னொன்றோடு சேரும் இடத்தின் அளவையும் அமைப்பையும் முதல் மாட்யூல் பறந்த பிறகு மாற்றவே முடியாது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெரிக்கப் பகுதி மாட்யூல்களுக்கு இடையே உள்ள கதவு ஏறக்குறைய 127 சென்டிமீட்டர் சதுரம். ஒரு ஆள் உயரத்துக்கும் மேலான கருவி அலமாரியை அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம், காலியாக அனுப்பிய மாட்யூலைப் பிறகு மெதுவாக நிரப்பலாம். ஆனால் அந்த இணைப்பு தானாகச் சேராது, ரோபோ கை பிடித்து வைக்க வேண்டும், உள்ளே இருந்து ஆள் வேலை செய்ய வேண்டும். தானாகவே வந்து இணையும் சர்வதேச டாக்கிங் முறையில் வழியின் அகலம் 80 சென்டிமீட்டர்தான். நிலவு நிலையம் நம்பியிருப்பது இந்த இரண்டாவதை.

விளைவு என்னவென்றால், அந்த 80 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நுழையாத எதையும் பின்னால் உள்ளே கொண்டுபோக முடியாது. பெரிய பொருள் எதுவும் மாட்யூலோடு சேர்ந்தே பூமியிலிருந்து கிளம்ப வேண்டும். அப்படியானால் மாட்யூல் கனக்கும், ராக்கெட் தாங்குமா என்ற கேள்வி வரும், கேட்வேயின் முதல் இரண்டு மாட்யூல்களுக்கு இந்த எடைப் பிரச்சினை நிஜமாகவே வந்தது. இன்னொரு பக்கம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவியும் பழுதானால் கழற்றி அந்த வட்டத்தின் வழியே வெளியே எடுக்கும்படி துண்டுகளாக இருக்க வேண்டும். ஒரு குளிரூட்டும் பம்ப் 85 சென்டிமீட்டர் அகலமாக இருந்தால் அது அந்த அறையிலேயே வாழ்ந்து அங்கேயே முடிய வேண்டியதுதான். வடிவமைப்பாளர்கள் ஒவ்வொரு கருவியையும் இந்த வட்டத்தை வைத்தே அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

வாசலில் இன்னொரு பாடம் ரஷ்யாவின் மீர் விண்வெளி நிலையத்தில் கிடைத்தது, ரொம்ப ஆபத்தான முறையில். மீரில் மாட்யூல்களுக்கு இடையே மின்கம்பிகளையும் காற்றுக் குழாய்களையும் திறந்த கதவின் வழியாகவே இழுத்துவிட்டிருந்தார்கள். 1997 ஜூன் 25 அன்று ஒரு சரக்குக் கலம் ஸ்பெக்டர் மாட்யூலில் மோதி ஓட்டை விழுந்தது, காற்று வெளியேறத் தொடங்கியது. கதவை மூட வேண்டும், ஆனால் மூட விடாமல் கம்பிகள் குறுக்கே கிடக்கின்றன. உள்ளே இருந்த வீரர்கள் அவற்றை அவசர அவசரமாகப் பிடுங்கி, பிடுங்க வராதவற்றை வெட்டி, பிறகுதான் ஒரு மூடியை வைத்து அடைத்தார்கள். உயிர் தப்பியது, ஆனால் ஸ்பெக்டரின் சோலார் பேனல்களிலிருந்து வந்த மின்சாரமும் அந்தக் கம்பிகளோடு போய், நிலையம் இருளில் தத்தளித்தது. பின்னர் கம்பி இணைப்புகளை மூடியிலேயே பொருத்திய புதிய கதவைக் கொண்டுபோய் வைத்தார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம்.

நிலவு நிலையத்தில் இந்த விதி இன்னும் கடுமையாக இருக்க வேண்டும்: வீரர்கள் கிளம்பும்போது எல்லாக் கதவுகளும் மூடப்பட வேண்டும், மூடிய பிறகும் மின்சாரம், தரவு, குளிர்திரவம் எல்லாம் சுவரின் வழியே தானாகப் போய்க்கொண்டிருக்க வேண்டும், ஒரு மாட்யூலில் ஓட்டை விழுந்தால் மற்றவை எதுவும் தெரியாததுபோல் இயங்க வேண்டும். ஆள் இல்லாத நிலையத்தில் கதவை மூட ஓடிவர யாரும் இல்லை.

இந்த இணைப்பு முறையைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்லலாம். 1975-இல் அப்போலோவும் சோயுஸும் விண்வெளியில் கைகுலுக்கியபோது, இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் ஒரு டாக்கிங் அமைப்பை ரஷ்யப் பொறியாளர் விளாதிமிர் சிரோமியாட்னிகோவ் உருவாக்கியிருந்தார். யார் ஏற்பது, யார் நுழைவது என்ற வேறுபாடே அதில் இல்லை. இன்றைய சர்வதேச டாக்கிங் தரத்தில் அந்தச் சிந்தனை தொடர்கிறது. தரத்தை எல்லோரும் படிக்கும்படி 2010-இல் வெளியிட்டார்கள். அதேபோல மின்னழுத்தம், தரவு, காற்று, ரோபோ பிடிமானம் எல்லாவற்றுக்கும் பொதுத் தரங்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நிலவுக்குப் போகும் வழியில் விபத்தில் சிக்கிய அப்போலோ 13-இல், இணைந்து பறந்த இரண்டு கலங்களில் ஒரு கலத்தின் கரியமில வாயு வடிகட்டி சதுரமாகவும் இன்னொன்றினுடையது வட்டமாகவும் இருந்து, காகித அட்டையும் ஒட்டுநாடாவும் வைத்துப் பிழைத்த கதை எல்லோருக்கும் தெரியும். ஐந்து தரப்பினரின் தொழிற்சாலைகளில் தனித்தனியாகச் செய்த பாகங்கள் முதன்முதலாக ஒன்றையொன்று சந்திப்பது நிலவுக்குப் பக்கத்தில் என்றால், இந்தத் தரங்களை எழுதியவர்கள்தான் அந்த நிலையத்தின் நிஜமான சிற்பிகள். அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

மாட்யூல்களை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதும் படத்தில் தெரிவதுபோல் எளிது இல்லை. சர்வதேச நிலையத்தின் முதல் இரண்டு துண்டுகளை 1998 டிசம்பரில் ஸ்பேஸ் ஷட்டிலில் போன ஒரு முழுக் குழு, ரோபோ கையோடும் விண்வெளி நடையோடும் சேர்த்தது. அப்படி ஒரு வாகனம் இப்போது இல்லை, நிலவுக்கு ஒருபோதும் இருந்ததும் இல்லை. அதனால் கேட்வேயின் உந்துவிசை மாட்யூலையும் முதல் குடியிருப்பு மாட்யூலையும் தரையிலேயே ஒட்டி ஒரே ராக்கெட்டில் அனுப்பலாம் என்று 2020-இல் மாற்றினார்கள், அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 60 கிலோவாட் வகை சோலார் பேனல்கள் தரும் மின்சாரத்தில் செனான் வாயுவை அயனிகளாக்கித் தள்ளும் என்ஜின்கள், விசை மிகக் குறைவு, நிலவை அடைய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், ஆனால் எரிபொருள் வெகுவாக மிச்சமாகும். ஆள் இல்லாத கலத்துக்கு ஒரு வருடம் என்ன அவசரம்?

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒவ்வொரு மாட்யூல் வந்து சேரும்போதும் நிலையத்தின் எடை மையம் நகர்கிறது. ஒரு பக்கத்தில் பாரம் ஏறினால் திசையைத் திருத்தும் சிறு என்ஜின்கள் வேறு கணக்கில் எரிய வேண்டும், மென்பொருள் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மீரிலும் சீனாவின் தியாங்கோங்கிலும் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருந்தார்கள்: புதிய மாட்யூல் முதலில் நேர்கோட்டில், முன்வாசலில் வந்து இணையும், பிறகு ஒரு சிறிய கை அதைப் பிடித்துப் பக்கவாட்டு வாசலுக்குச் சுழற்றி வைக்கும். 2022-இல் தியாங்கோங்கின் வென்டியன், மெங்டியன் மாட்யூல்கள் இரண்டையும் அப்படித்தான் இருபுறமும் சமமாக வைத்து நிலையத்தை ஆங்கில டி எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அழகான வேலை, இதிலிருந்து கற்றுக்கொள்ள யாருக்கும் தயக்கம் வேண்டாம். இந்தியாவும் 2025 ஜனவரியில் ஸ்பேடெக்ஸ் என்ற சோதனை மூலம் இரண்டு கலங்களின் விண்வெளி இணைப்பைச் செய்து காட்டியது, சந்திரயான் 4-இல் நிலவின் சுற்றுப்பாதையிலேயே இணைக்க வேண்டியிருக்கும், ஆகவே இந்தக் கணக்குகள் இனி நம் பொறியாளர்களுடையவையும்தான்.

மாட்யூல்களைவிடக் கனமான விருந்தாளி ஒன்று வருவதையும் மறக்கக் கூடாது. நிலவில் இறங்கும் கலம் நிலையத்தோடு இணைந்து நிற்க வேண்டும். அந்தக் கலம் நிலையத்தைவிடப் பெரிதாக இருந்தால் எது எதைச் சுமக்கிறது? அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் கேட்டது: கேட்வேயின் உந்துவிசை மாட்யூல் கணக்கில் எடுத்த எடையைவிட வரப்போகும் கலம் பல மடங்கு கனம், அது இணைந்திருக்கும்போது மொத்தத்தையும் சரியான திசையில் நிறுத்த முடியுமா என்று. நிலையத்தை முதலில் வரைந்தார்கள், இறங்கு கலத்தைப் பின்னால் தேர்ந்தெடுத்தார்கள். வருபவரின் எடை தெரியாமல் வாசலைக் கட்டினால் இப்படித்தான் ஆகும். இணைந்திருக்கும்போது கனமான கலமே திசைப் பொறுப்பை ஏற்கும்படி இரண்டு பக்க மென்பொருளும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து.

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வித்தியாசமான கருத்து உண்டு. சர்வதேச நிலையத்தில் சிறுநீரையும் வியர்வையையும் சுத்திகரித்து 98 சதவீதம் தண்ணீரை மீட்கும் அளவுக்கு 2023-இல் முன்னேறிவிட்டார்கள், பெரிய சாதனை. ஆனால் அந்த இயந்திரம் தினமும் கவனிப்பைக் கேட்கிறது. எடையற்ற நிலையில் எலும்பிலிருந்து கரையும் கால்சியம் சிறுநீரில் வந்து படிந்து ஒருமுறை அதை அடைத்தேவிட்டது. மாதக்கணக்கில் நிறுத்திவைத்து மறுபடி ஓட்டினால் குழாய்களுக்குள் தேங்கிய நீரில் நுண்ணுயிர்ப் படலம் வளர்ந்திருக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் என்று வைத்தால், 4 பேர் 30 நாள் தங்க ஏறக்குறைய அரை டன் தண்ணீர்தான் ஆகிறது. முதல் சில வருடங்களுக்கு அதைப் பைகளில் கொண்டுபோய்விடுவதே நல்லது. மறுசுழற்சி இயந்திரத்தை, தங்கும் காலம் நீளும்போது தனி மாட்யூலில் சேர்க்கலாம், மாட்யூல் முறையின் பலனே அதுதானே.

அந்தத் தண்ணீருக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. நிலவின் பரப்பில் ஒரு நாளில் கிடைக்கும் கதிர்வீச்சு சர்வதேச நிலையத்தில் கிடைப்பதைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகம் என்று சீனாவின் சாங்-ஏ 4 கலத்தில் இருந்த ஜெர்மானியக் கருவி அளந்திருக்கிறது. பரப்பில் நிற்பவருக்கு நிலவே பாதி வானத்தை மறைக்கிறது, 70,000 கிலோமீட்டர் தள்ளி மிதப்பவருக்கு அந்த மறைப்பும் கிடையாது. 1972 ஆகஸ்டில், அப்போலோ 16 திரும்பி 17 கிளம்புவதற்கு இடைப்பட்ட மாதங்களில், சூரியனிலிருந்து ஒரு பெரும் துகள் புயல் வீசியது. அப்போது யாராவது நிலவுக்குப் போயிருந்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருப்பார்கள். தண்ணீர்ப் பைகளையும் உணவுப் பெட்டிகளையும் நகர்த்தி ஒரு மூலையில் சுவர்போல் அடுக்கி அதற்குள் நால்வரும் ஒன்றிரண்டு நாள் பதுங்கிக்கொள்ளும்படி உள்ளமைப்பு இருக்க வேண்டும். கனமான உலோகக் கவசம் வேண்டாம், எப்படியும் கொண்டுபோகும் பொருட்களையே கவசமாக்க வேண்டும்.

நிலவுத் தூசியைப் பற்றிச் சுருக்கமாக. கண்ணாடித் துகள்போல் கூர்மையானது, அப்போலோ 17-இல் நிலவில் இறங்கிய வீரர் ஹாரிசன் ஷ்மிட்டுக்கு ஒவ்வாமை மாதிரி மூக்கடைப்பு வந்தது அதனால்தான். இறங்கு கலத்தின் வழியே அது நிலையத்துக்குள் வரும், கதவுகளின் ரப்பர் வளையங்களில் படியும். அந்த வாசலை மட்டும் மற்றவற்றிலிருந்து தனியே வைத்து, காற்று எப்போதும் நிலையத்திலிருந்து கலத்தை நோக்கிப் போகும்படி செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கடைசியாகப் பழுதுபார்ப்பு. 2013 டிசம்பரில் சர்வதேச நிலையத்தில் குளிரூட்டும் பம்ப் ஒன்றின் வால்வு கெட்டுப்போய், நிலையத்தின் பாதிக் குளிரூட்டலைக் குறைக்க வேண்டி வந்தது. ரிக் மாஸ்ட்ராக்கியோவும் மைக் ஹாப்கின்ஸும் கிறிஸ்துமஸ் நேரத்தில் இரண்டு முறை வெளியே போய் முழு பம்ப்பையும் மாற்றினார்கள். காலியான நிலையத்தில் இதைச் செய்ய வேண்டியது ரோபோ கை. கனடா வடிவமைத்த மூன்றாம் தலைமுறைக் கை, இரண்டு முனையாலும் மாறி மாறிப் பற்றிக்கொண்டு நிலையத்தின் மேல் நகரும். அது போய்ப் பிடிக்கக் கைப்பிடி இருந்தால்தானே மாற்ற முடியும்? ஆகவே பம்ப், பேட்டரி, ஆன்டெனா என்று கெடக்கூடிய ஒவ்வொன்றும் வெளியே, ரோபோவின் பிடிக்கு ஏற்ற ஒரே மாதிரிக் கொக்கியோடு, ஒரே மாதிரி திருகோடு இருக்க வேண்டும். எல்லா மாட்யூல்களிலும் ஒரே பம்ப் என்றால் ஒரே உதிரி போதும். ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பம்ப்பைப் போட்டால் ஐந்து உதிரிகள் வேண்டும், வருடத்துக்கு ஒரு சரக்குக் கலம் வரும் இடத்தில் அது கட்டுப்படியாகாது. இந்த விஷயத்தில் நாடுகள் விட்டுக்கொடுக்க வேண்டும்.

கேட்வே திட்டத்தை நிறுத்தலாம் என்று 2025 மே மாதம் அமெரிக்க பட்ஜெட் முன்மொழிவு சொன்னது, ஜூலையில் வந்த சட்டமோ அதற்கு 260 கோடி டாலர் ஒதுக்கியது. இப்படி இழுபறி எப்போதும் இருக்கும். இந்தத் திட்டம் பறந்தாலும் பறக்காவிட்டாலும், நாளைக்கு வேறு எந்த நாடு நிலவைச் சுற்றி ஒரு நிலையத்தைக் கட்டினாலும், மேலே சொன்ன ஒவ்வொன்றும் அவர்கள் முன்னாலும் வந்து நிற்கும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இந்த நிலையங்களைப் பற்றி எழுதும்போது, உங்கள் நிருபர் அந்தத் துறையில் வேலை செய்யும் ஒரு பொறியாளரிடம் பேசட்டும். வீரர்கள் கிளம்பிய மறுநாள் நிலையத்தில் என்னென்ன ஓடும், என்னென்ன நிறுத்தப்படும், கதவுகள் மூடியிருக்குமா திறந்திருக்குமா, மின்சாரம் போனால் முதலில் எது விழித்துக்கொள்ளும் என்று கேட்கட்டும். பள்ளி மாணவர்கள் உங்கள் அறிவியல் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டி வைக்கிறார்கள். அவர்களுக்காகவாவது தூங்கும் அறையின் படத்தோடு வாசலின் குறுக்குவெட்டுப் படத்தையும் அளவுகளோடு போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் பக்கத்தின் நெடுநாள் வாசகர்